காரணமே சொல்லாமல் அணைந்துபோகும் லேப்டாப்

மைத்துனர் பையன், நான் வைத்திருக்கும் இதே லேப்டாப் மாடலுக்கு விலை இறங்கியிருப்பதைக் காட்டி, "மாமா, வாங்கட்டுமா?" என்று கேட்டான். போனில் ஒரு வார்த்தையில் சொல்லி முடிகிற பதில் என்னிடம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் கணக்கு எழுதுகிறவன். காலையிலிருந்து இரவுவரை டேலி என்ற கணக்கு மென்பொருளும் எக்ஸெலும்தான். அந்த வேலைக்கு இதன் கீபோர்டைப் போல இன்னொன்றை நான் தொட்டதில்லை. எண் விசைகள் தனியாக, நல்ல அகலத்தில் இருக்கின்றன. திரையைப் பார்த்தபடியே தொகைகளை அடித்துக்கொண்டு போகலாம்.

ஆனால் வாரண்டி முடிந்த கொஞ்ச நாளில் ஒரு நோய் பிடித்தது. வவுச்சர் போட்டுக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்து, மறுநொடி கம்பெனி லோகோ வரும். எச்சரிக்கை கிடையாது, சூடும் இல்லை. மாதத்தின் 20ஆம் தேதி, ஜிஎஸ்டி 3பி என்ற மாதாந்திர வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசி நாளில் இப்படி நடந்தால் எப்படி இருக்கும்? திரும்பத் திறந்தால் டேலி டேட்டாவை ரிப்பேர் செய்யச் சொல்லும். அது முடியும்வரை வாடிக்கையாளர் போனில் காத்திருப்பார்.

விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே வரி: கெர்னல்-பவர் 41. பார்த்ததும் பவர் சப்ளைதான் கெட்டுவிட்டது என்று பலர் சார்ஜர் வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அது காரணத்தைச் சொல்லும் வரியே இல்லை. 'முறையாக மூடாமல் கம்ப்யூட்டர் மறுபடி தொடங்கியது' என்பதற்கு மேல் அதில் ஒன்றும் கிடையாது. உள்ளே பக்செக் கோட் (பிழை எண்) என்ற இடத்தில் 0 இருந்தால், என்ன நடந்தது என்று எழுதிவைக்கக்கூட விண்டோஸுக்கு அவகாசம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். எனக்குப் பெரும்பாலும் 0தான். செயலிழப்பு விவரங்கள் சேமிக்கப்படும் மினிடம்ப் ஃபோல்டரும் காலி.

அபூர்வமாக, பிழையின் பெயரைக் காட்டும் நீலத்திரை வந்தது. ஒருமுறை மெமரி மேனேஜ்மென்ட் என்றது, இன்னொருமுறை வேறு ஏதோ. அந்த மாற்றம்தான் முதல் துப்பு. டிரைவர் கோளாறு என்றால் பெரும்பாலும் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். ரேம், அதாவது தற்காலிக நினைவகம், கோளாறு என்றால் அது எங்கே மாட்டுகிறதோ அந்தப் பெயர் வரும்.

சர்வீஸ் சென்டரில் விண்டோஸை அழித்துப் போட்டுக் கொடுத்தார்கள். நோய் போகவில்லை. அடுத்த முறை மதர்போர்டையே மாற்றவேண்டும் என்று, புது லேப்டாப் விலையில் பாதிக்கு மேல் கேட்டார்கள். ரேமைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அப்புறம் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 என்ற மென்பொருளைப் பென்டிரைவில் போட்டு, ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். விண்டோஸிலேயே இருக்கும் மெமரி சோதனை 'பிரச்சினை இல்லை' என்றிருந்தது. மெம்டெஸ்ட்டிலோ முதல் சுற்று சுத்தமாகப் போய், மெஷின் நன்றாகச் சூடேறிய பிறகு பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. ரேம் குச்சிகளின் தங்க முனைகளைப் பென்சில் அழிரப்பரால் தேய்த்துத் துடைத்துப் போட்டதில் கொஞ்சகாலம் ஓடியது, பிறகு பழைய கதை. கடைசியில் ஒவ்வொரு குச்சியாக, அதைச் செருகும் ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிச் சோதித்தேன். இரண்டு குச்சிகளும் முதல் ஸ்லாட்டில் நன்றாகவே ஓடின. இரண்டாவது ஸ்லாட்டில் எதைப் போட்டாலும் பிழை.

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு தம்பி லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டாவது ஸ்லாட்டின் கால்களைப் போர்டோடு ஒட்டியிருக்கும் சாலிடர் விட்டுப்போயிருக்கிறது என்றார். சூடுகாட்டி ஒட்டலாம், பக்கத்திலிருப்பது போனால் போர்டே போய்விடும், வேண்டாம் சார் என்று அவரே சொன்னார். நல்ல ஸ்லாட்டில் 16 ஜிபி குச்சி ஒன்றைப் போட்டுக்கொண்டேன். இரண்டு குச்சிகளும் சேர்ந்து வேகமாக இயங்கும் டூயல் சேனல் போனதில் வீடியோ எடிட்டிங் மந்தம். கணக்கு வேலைக்கு வித்தியாசமே தெரியவில்லை. அதன்பிறகு ஒருமுறைகூட அணையவில்லை.

நியாயமாகப் பார்த்தால், இது என் மெஷினுக்கு மட்டும் வந்த கோளாறாக இருக்கலாம். கீபோர்டு, திரை, பின்மூடியைச் சாதாரண ஸ்குரூ டிரைவரால் திறக்க முடிகிற வசதி எல்லாமே அருமை. இருந்தாலும் அவனுக்கு என் பதில், வாங்காதே. அந்த சர்வீஸ் சென்டர் வாசலில் இன்னொரு பிள்ளை போய் நிற்பதை என்னால் பார்க்க முடியாது.

மீறி வாங்கினால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் மெம்டெஸ்ட்டை ஒரு ராத்திரி ஓடவிடு. இலவசப் பதிப்பே நான்கு சுற்று ஓடும். முதல் சுற்றோடு நிறுத்திவிடாதே.