ஹோம் ரெக்கார்டிங்குக்கு யுஎஸ்பி 2.0 போதுமா? சில வருட அனுபவம்

காட்பாடியில் வீட்டு மாடி அறையில்தான் என் ரெக்கார்டிங் எல்லாம். பெரும்பாலும் பாட்டு, அவ்வப்போது நம் வடாற்காடு பக்கத்துத் தெருக்கூத்துக்காரர்களின் ஹார்மோனியம், முகவீணை. இரண்டு மைக் போடும் யுஎஸ்பி 2.0 ஆடியோ இண்டர்பேஸ் (மைக்கின் சத்தத்தை லேப்டாப்புக்குள் அனுப்பும் பெட்டி) ஒன்றைச் சில வருடங்களாக ஓட்டுகிறேன். பார்ப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது ஸ்லோ ஆச்சே?"

இல்லை. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு சேனலுக்கு நொடிக்குச் சுமார் 1.15 மெகாபிட்தான் ஆகும். இரண்டு உள்ளே, இரண்டு வெளியே என்றாலும் 5 மெகாபிட்டைத் தொடாது. யுஎஸ்பி 2.0-வின் கணக்கு வேகம் 480 மெகாபிட். சி டைப் போர்ட்டைப் பார்த்தும் மயங்க வேண்டாம். போகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2 என்ற இண்டர்பேஸின் மூன்றாம் தலைமுறையில் சி டைப் வந்துவிட்டது, உள்ளே ஓடுவது அதே 2.0தான்.

பாடும்போது குரல் ஹெட்போனில் பிந்தி வருகிறதா? அதற்கும் ஒயருக்கும் அதிகம் சம்பந்தமில்லை, டிரைவரும் (பெட்டியை இயக்கும் சாப்ட்வேர்), பஃபரும்தான் (சத்தத்தைக் கொஞ்சம் சேர்த்து வைத்து அனுப்பும் இடம்) காரணம். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் என்பது சுமார் 2.7 மில்லிசெகண்ட். போக வர இரண்டு முறை, டிரைவர் சேர்த்துக்கொள்வது தனி. விண்டோஸ் என்றால் தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவரைக் கம்பெனியே தரும் பெட்டியாகப் பாருங்கள். குரலை லேப்டாப்புக்குள் சுற்றவிடாமல் நேராக ஹெட்போனுக்கு அனுப்பும் டைரக்ட் மானிட்டர் பட்டன் இருந்தால் இந்தத் தலைவலியே கிடையாது.

உண்மையில் படுத்தியது கரண்ட்தான். சார்ஜர் செருகியிருந்தால் ஹெட்போனில் மெலிதாக "ம்ம்ம்" என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஒருநாள் டேக் நடுவில் கரண்ட் போனது. பேன் நின்றது, அந்த இரைச்சலும் நின்றது, ரெக்கார்டிங் மட்டும் நிற்கவில்லை. லேப்டாப் பேட்டரியிலேயே இண்டர்பேஸும் ஓடுகிறதே! அப்புறம் எலெக்ட்ரீஷியனை வைத்து அந்த பிளக் பாயிண்ட்டுக்கு எர்த் சரி செய்ததில் இரைச்சல் பெருமளவு அடங்கிவிட்டது. இருந்தாலும் முக்கியமான டேக் என்றால் சார்ஜரைப் பிடுங்கிவிடுவேன். (மே மாத வேலூர் வெயிலில் பேனையும் அணைத்துவிட்டுப் பாடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு.)

யுஎஸ்பி 2.0 போர்ட் தருவது 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர். இரண்டு கண்டென்சர் மைக்குக்கும் அதிலிருந்துதான் 48 வோல்ட் பாண்டம் பவர் (மைக் கேபிள் வழியாகவே மைக்குக்குப் போகும் கரண்ட்) போக வேண்டும். மலிவு ஹப்பில் செருகினால் சட்டென்று படபடவென்று சத்தம் வரும். நேராக லேப்டாப்பில் செருகுங்கள், கேபிளும் குட்டையாக இருக்கட்டும்.

செகண்ட் ஹேண்டில் பயர்வயர் (யுஎஸ்பி போல ஒரு பழைய இணைப்பு முறை) பெட்டிகள் சல்லிசாகக் கிடைக்கும். நண்பர் ஒருவரிடம் இருக்கிறது, சத்தம் அருமை. ஆனால் செருகத்தான் இடமில்லை. புது லேப்டாப்பில் அந்தப் போர்ட் கிடையாது, 2025-இல் வந்த மேக்ஓஎஸ் 26-இல் ஆப்பிளும் ஆதரவை எடுத்துவிட்டது. யுஎஸ்பி 2.0-வை விட வேகமான தண்டர்போல்ட் இணைப்பு? கூத்துக் குழு முழுவதையும் பத்துப் பதினாறு மைக்கில் ஒரே நேரத்தில் பிடித்து, சாப்ட்வேர் பிளகின் எபெக்ட்டோடு உடனுக்குடன் கேட்க வேண்டுமென்றால் யோசிக்கலாம். ஒரு குரல், ஒரு ஹார்மோனியம் என்றால் அந்தக் காசில் நல்ல மைக் வாங்குங்கள்.