போட்டோ3 லைப்ரரியோடு சில வருஷம்: நாகர்கோவிலிலிருந்து ஓர் அனுபவம்

தோவாளைப் பூ வியாபாரிகள் சிலருக்கு விலையும் கணக்கும் பார்த்துக்கொடுக்கிற ஒரு சின்ன ஆப்பை நாங்கள் நடத்துகிறோம். விடியுமுன்னே சந்தை சூடு பிடித்துவிடும், மதியத்துக்கு மேல் சர்வருக்கு வேலையே கிடையாது. சும்மா ஓடும் நேரத்துக்கும் காசு கட்டுவானேன் என்று, அமேசான் வெப் சர்வீசஸின் மும்பை ரீஜனில் இருக்கும் இசி2 மெஷின்களை (வாடகைக்கு எடுக்கும் கிளவுட் சர்வர்களை) தினமும் நிறுத்தவும் எழுப்பவும் பைத்தானில் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறோம். அதற்குப் பயன்படுத்துவது போட்டோ3 (boto3), பைத்தானிலிருந்து அமேசான் சேவைகளை இயக்குவதற்கான லைப்ரரி. முகூர்த்த நாள், ஓணம் என்று நேரம் மாறிக்கொண்டே இருப்பதால் நாகர்கோவில் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்தே ஓட்டுகிறோம்.

நல்ல லைப்ரரிதான். ஆனால் டீஃபால்ட் அமைப்புகளோடு அப்படியே விட்டால் நம்ம ஊர் இன்டர்நெட் லைனுக்குச் சரிப்படாது.

டைம்அவுட்டையே, அதாவது எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற வரம்பையே, பாருங்கள். கனெக்ட் ஆக 60 விநாடி, பதில் வர 60 விநாடி காத்திருக்கும். ரீட்ரை, அதாவது தோற்றால் மறுபடி முயல்வது, டீஃபால்ட்டாக ‘லெகசி’ மோடில் இருக்கும், அதில் முதல் அழைப்பையும் சேர்த்து 5 முறை முயலும். லைன் செத்துக் கிடந்தால் ஒரே ஒரு அழைப்பு ஐந்து நிமிஷத்துக்கு மேல் வாய் திறக்காமல் நிற்கக்கூடும் என்று அர்த்தம். இங்கே இரண்டு பருவமழையும் உண்டு, ஐப்பசியில் இடி இடித்தால் நெட் எப்போது போகும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வியாபாரி ஒருத்தர் முதல் நாளே சொல்லிவிட்டார்: “தம்பி, வெளுத்த பொறவு வெல வந்தா எனக்கு எதுக்கு?” அதனால் கான்ஃபிக்கில் கனெக்ட் டைம்அவுட்டை 5 விநாடி, ரீட் டைம்அவுட்டை 20 விநாடி, ரீட்ரை மோடை, குறைவான தடவையே முயலும் ‘ஸ்டாண்டர்ட்’ என்று வைத்துக்கொண்டோம். கிடைக்காவிட்டால் சட்டென்று கிடைக்கவில்லை என்று சொல்லும், ஸ்கிரிப்ட் அடுத்த லைனுக்கு, அதாவது மொபைல் டாங்கிளுக்கு, மாறிக்கொள்ளும்.

புது மெஷின் உருவாக்கும்போது இன்னொரு சங்கதி உண்டு. ரிக்வெஸ்ட் போய்ச் சேர்ந்து, பதில் வருவதற்குள் லைன் அறுந்தால், மெஷின் பிறந்ததா இல்லையா என்று நமக்குத் தெரியாது. ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினால் இரண்டாவதாக ஒன்று பிறக்கும், இரண்டுக்கும் பில் வரும். ‘கிளையன்ட் டோக்கன்’ என்ற பாராமீட்டரில் நாமே ஒரு அடையாளம் கொடுத்துவிட்டால், அதே டோக்கனோடு எத்தனை தடவை கேட்டாலும் ஒரு மெஷின்தான். நாங்கள் தேதியையும் வேலையின் பெயரையும் சேர்த்து டோக்கன் ஆக்குகிறோம்.

நேரக் கணக்கும் கொஞ்சம் தொல்லைதான். அமேசானிலிருந்து வரும் நேரமெல்லாம் யுடிசி, அதாவது உலகப் பொது நேரம். திங்கள் அதிகாலை 2 மணி என்பது அங்கே ஞாயிறு 20.30, கிழமையே மாறிவிடுகிறது. பைத்தான் 3.9-இல் வந்த ஸோன்இன்ஃபோ என்ற மாட்யூலில் ஆசியா/கொல்கத்தா என்று போட்டு மாற்றிக்கொண்டால் தீர்ந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது வெயிட்டர்கள், அதாவது மெஷின் நாம் கேட்ட நிலைக்கு வரும்வரை காத்திருந்து பார்க்கும் வசதி. ‘இன்ஸ்டன்ஸ் ரன்னிங்’ வெயிட்டர் 15 விநாடிக்கு ஒரு தடவை, 40 தடவை வரை பார்க்கும். லூப் எழுதும் வேலை மிச்சம். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: ‘ரன்னிங்’ என்றால் மெஷினுக்கு உயிர் வந்தது என்றுதான் பொருள், ஆப் தயார் என்று இல்லை. நாங்கள் மெஷினின் சோதனைகள் தேறும்வரை காத்திருக்கும் ‘இன்ஸ்டன்ஸ் ஸ்டேட்டஸ் ஓகே’ வெயிட்டரைப் போட்டு, அதற்குப் பிறகு எங்கள் ஆப்பின் ஒரு பக்கத்தையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாட்ஸ்ஆப்பில் செய்தி அனுப்புகிறோம்.

நீளமான பட்டியலைப் பக்கம் பக்கமாக முழுவதும் எடுத்துத் தரும் பேஜினேட்டரும் அப்படித்தான், அது இல்லாமல் எந்தப் பட்டியலையும் எடுக்காதீர்கள். அமேசானின் ஃபைல் சேமிப்பிடமான எஸ்3-இல் பில் பிடிஎஃப்களை லிஸ்ட் செய்தால் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 1000 பெயர்தான் வரும். மீதி இருக்கிறது என்ற குறிப்பு பதிலுக்குள்ளேயே இருக்கும், எர்ரர் எதுவும் வராது.

எர்ரர் விஷயத்தில் இதற்கு நான் முழு மார்க் தரமாட்டேன். இசி2 திருப்பி அனுப்பும் எர்ரர் எல்லாமே ‘கிளையன்ட் எர்ரர்’ என்ற ஒரே பெயரில் வந்து விழும், உள்ளே இருக்கும் எர்ரர் குறியீட்டைப் பிரித்துப் பார்த்துத்தான் என்னவென்று தெரிந்துகொள்ள வேண்டும். ‘டிரை ரன்’ என்ற ஒத்திகை இன்னும் வேடிக்கை: அனுமதி இருக்கிறதா என்று சோதித்தால், இருக்கிறது என்ற நல்ல செய்தியையும் எர்ரராகவே எறியும்! புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் “அண்ணே, எர்ரர் வருது” என்று ஓடி வந்தான். “லேய் மக்கா, அந்த எர்ரர் வந்தாத்தான் எல்லாம் சரி” என்று சொன்னேன். ரொம்ப நேரம் என்னைச் சந்தேகமாகவே பார்த்தான்.

தினசரி வேலைக்கென்று தனி ஐஏஎம் யூசர் (அமேசானில் அனுமதி வரையறுத்த கணக்கு) வைத்து, குறிப்பிட்ட டேக் (அடையாளச் சீட்டு) உள்ள மெஷின்களை நிறுத்தவும் எழுப்பவும் மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறோம். அந்தக் கணக்கின் ரகசியக் கீயை ஸ்கிரிப்டுக்குள் எழுதுவதில்லை.

பழைய டுட்டோரியல்களில், மெஷினையே ஒரு ஆப்ஜெக்டாகக் கையாளும் ‘ரிசோர்ஸ்’ முறையில் எழுதியிருப்பார்கள். படிக்க அழகாக இருக்கும், ஆனால் அதில் புதிய வசதி எதுவும் இனிச் சேராது என்று அறிவித்துவிட்டார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள், அமேசானின் கட்டளைகளை நேரடியாக அழைக்கும் ‘கிளையன்ட்’ முறையிலேயே எழுதுங்கள். பைத்தான் வெர்ஷனையும் அவ்வப்போது உயர்த்தியாக வேண்டும், 3.7-க்கான ஆதரவு 2023 கடைசியிலேயே முடிந்தது.

தினசரி நிறுத்தி எழுப்பும் வேலைக்கு மட்டும் என்றால் குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் அமேசானின் ஈவென்ட்பிரிட்ஜ் ஷெட்யூலர் போதும், அதில் டைம்ஸோனும் கொடுக்கலாம். அடுத்து அந்தப் பகுதியை அங்கே மாற்றப்போகிறோம். ஓண வாரத்தில் மெஷினை நிறுத்தி, பெரிய சைசுக்கு மாற்றி, மறுபடி எழுப்புகிற வேலைக்கு மட்டும் போட்டோ3 ஸ்கிரிப்ட் இந்த ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே இருக்கும்.