படகு புரொப்பெல்லரில் ஓடும் எங்கள் தோட்டத்து டர்பைன்: நான்கு வருட அனுபவம்

தாண்டிக்குடி பக்கம் எங்கள் காபித் தோட்டத்தை ஒட்டி ஒரு ஓடை இறங்குகிறது. அதிலிருந்துதான் மின்சாரம் எடுக்கிறோம். நீலகிரியில் 1932-இல் தொடங்கிய பைக்காரா மின்நிலையம் போல நீர் பெரும் உயரத்திலிருந்து விழுந்தால் பீய்ச்சியடிக்கும் நீர்த்தாரையால் சுற்றும் பெல்டன் சக்கரம் வைக்கலாம். எங்களுக்கு 2 மீட்டர் இறக்கம்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வினாடிக்கு 80 லிட்டர் நீர் வரும். இதற்குப் புரொப்பெல்லர்தான் பொருந்தும். புதிதாகச் செய்யக் கட்டுப்படியாகவில்லை. அதனால் இராமேசுவரத்தில் ஃபைபர் படகில் ஓடிக் கழித்த அவுட்போர்டு மோட்டாரின் (படகுக்குப் பின்னால் மாட்டும் என்ஜின்) புரொப்பெல்லர் உள்ள கீழ்ப்பகுதியை மட்டும் வாங்கி வந்தேன்.

அதற்குள் இருக்கும், சுழற்சியைச் செங்குத்தாகத் திருப்பிவிடும் பெவல் கியருக்காகவே அதை வாங்கலாம். புரொப்பெல்லர் ஒரு சுற்று சுற்றினால் மேலே நிற்கும் ஷாஃப்ட் ஏறக்குறைய இரண்டு சுற்று சுற்றும். ஜெனரேட்டர் நீருக்கு மேலே நனையாமல் இருக்கும்.

முதல் வருடம் பெரிய தவறு செய்தேன். படகு போகும்போது வருவது போலவே நீரை முன்னிருந்து பின்னாக விட்டேன். 250 வாட்தான் வந்தது. மூன்றாம் மாதமே பேரிங் கத்தியது. வத்தலக்குண்டு லேத் பட்டறைத் தம்பி பிரித்துப் பார்த்துவிட்டு, “அண்ணே, படகை முன்னாடி தள்ளுறதுக்குத்தான இந்தப் பேரிங்கு? நீங்க பின்னாடி இழுக்க விட்டிருக்கீங்க” என்றார். அவர் சொன்னதுதான் சரி. நீர் பின்பக்கமாக நுழைந்தால் புரொப்பெல்லர் எதிர்த்திசையில் சுற்றும். ஆனாலும் அழுத்தம் படகில் தாங்கிய அதே பேரிங்கில், கியர் பல்லின் அதே முகத்தில் விழும். இறக்கையின் வளைவும் நீருக்கு ஒத்துவரும். குழாயைத் திருப்பிக் கட்டினோம். நீர் நுழையும் மெல்லிய விளிம்பை அரத்தால் உருட்டி, வெளியேறும் தடித்த விளிம்பைத் தேய்த்து மெலிதாக்கினோம். இப்போது 450 வாட். நீரில் இருப்பதோ சுமார் 1,570 வாட். மூன்றில் ஒரு பங்குகூடக் கைக்கு வரவில்லை. ஆனால் இரவும் பகலும் ஓடுவதால் நாளுக்குப் பத்து யூனிட்டுக்கு மேல் சேர்கிறது. எங்கள் வீட்டுக்கும் தொழிலாளர்கள் இருக்கும் இரண்டு லைன் வீடுகளுக்கும் அது தாராளம். மிச்ச மின்சாரம் வெந்நீர்த் தொட்டியின் காயிலுக்குப் போகிறது. அப்படிச் சுமை கொடுக்காவிட்டால் சுழற்சி கட்டுக்கடங்காமல் எகிறிவிடும்.

பராமரிப்பில் கியர் ஆயில்தான் முக்கியம். படகில் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். இங்கே ஒரு மாதமே 720 மணி நேரம். வாரம் ஒருமுறை பார்ப்பேன், மாதம் ஒருமுறை கண்டிப்பாக மாற்றுவேன். மோர் நிறமாகிவிட்டால் நீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீலைத் தாண்டி நீர் புகுந்துவிட்டது என்று பொருள். என்ஜினைக் குளிர்விக்கும் ரப்பர் இம்பெல்லரை முதலிலேயே கழற்றிவிடுங்கள், வீண் உராய்வு. உலோகம் அரிக்காமல் இருக்க மாட்டும், கடலுக்கான துத்தநாகக் கட்டியும் நன்னீரில் வேலை செய்யாது, மெக்னீசியம் போடுங்கள். அப்புறம் சில்வர் ஓக் இலை. காற்றடித்தால் காலை, மாலை இரண்டு வேளையும் குழாய் வாயில் உள்ள வலையை வழித்தாக வேண்டும்.

பழையது வாங்கும்போது புரொப்பெல்லரைக் கழற்றிப் பாருங்கள். அதன் பின்னால் தூண்டில் நரம்பு சுற்றிக் கிடந்தால் சீலை அறுத்திருக்கும். எனக்கு வந்ததில் ஒரு கைப்பிடி இருந்தது.