நத்தார் கேக்குக்குப் பழைய தட்டா, புதிய தட்டா?

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் குளிரில், கேக் வேகும் குசினிதான் வீட்டிலேயே இதமான இடம். ரவையும் கஜுவும் பூசணித் தோசியும் (சீனிப்பாகில் காய்ச்சிய பூசணித் துண்டுகள்) போட்ட நத்தார் கேக், ஏறத்தாழ 150 பாகை செல்சியஸில் இரண்டு மணிநேரத்துக்கு மேல் வேகும். அவ்வளவு நேரமும் தட்டு சூட்டைத் தாங்க வேண்டும்.

புதிதாக வாங்கிய மெல்லிய கறுப்பு நொன்ஸ்டிக் தட்டில் கேக் ஒட்டாது, கழுவுவதும் சுலபம். சரி. ஆனால் கறுப்பு நிறம் வெப்பத்தை வேகமாக இழுக்கும். நடுப்பகுதி வேகுமுன்னே ஓரம் கருகிவிடுகிறது.

பழைய சாமான் கடையில் எடுத்த தடித்த அலுமினியத் தட்டு சூட்டைச் சீராகப் பரப்புகிறது. எண்ணெய்க் கடதாசியை இரண்டு மூன்று மடிப்பாக விரித்தால் ஒட்டவும் ஒட்டாது. எனக்கு இதுதான். நெளிவு இருந்தாலும் பரவாயில்லை, அடி மட்டமாக இருக்கிறதா என்று மேசையில் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.