3டி3-எல்1 செல்வரிசையா, திசுவிலிருந்து நேரடியாக எடுக்கும் செல்களா?

கொழுப்புச் செல் தன்னிடம் சேமித்துள்ள கொழுப்பான டிரைகிளிசரைடைச் சிதைத்து, கொழுப்பு அமிலங்களை இரத்தத்தில் விடும் விதத்தை ஆராய்பவர், எந்தச் செல்லை வளர்ப்பது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஹோவர்ட் கிரீன் குழுவினர் 1970களில் சுண்டெலிக் கருவின் செல்களிலிருந்து உருவாக்கிய, ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும் செல்வரிசையான 3டி3-எல்1 ஒரு வழி. சுண்டெலியின் கொழுப்புத் திசுவைக் கொலாஜினேஸ் நொதியால் பிரித்து, கொழுப்புச் செல்லாக மாறவல்ல முன்னோடிச் செல்களை எடுத்து வளர்ப்பது மற்றொரு வழி. முதல் வழியிலேயே நெடுநாள் உழைத்த நான் இப்போது இரண்டாவதற்கு மாறிவிட்டேன்.

செல்வரிசைக்கு விலங்கு தேவையில்லை. உறைநிலையில் உள்ள குப்பியை எடுத்தால் வேலை தொடங்கிவிடும். என்னை மாற்றியது பராமரிப்புதான். இச்செல்கள் தட்டை நிரப்பி ஒன்றையொன்று நெருக்கும் முன்பே அவற்றைப் பிரித்துப் புதுத் தட்டுக்கு மாற்ற வேண்டும்; ஒவ்வொரு மாற்றமும் ஒரு தலைமுறை. தவறினால், கொழுப்புச் செல்லாக மாறும் திறன் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்துகொண்டே போகும். நுண்ணோக்கியில் அன்று எதுவும் தெரியாது. அந்த மாற்றத்தைத் தூண்டும் இன்சுலின், டெக்சாமெதசோன், ஐபிஎம்எக்ஸ் கலவையைக் கொடுத்து, ஏறத்தாழ பத்து நாள் காத்திருந்து, கொழுப்பைச் சிவப்பாகக் காட்டும் ஆயில் ரெட் ஓ சாயம் ஏற்றிய பிறகுதான், ஓரத்தில் மட்டும் சிவப்புத் திட்டுகளும் நடுவெங்கும் நார் போன்ற வெளிறிய செல்களுமாகத் தட்டு நம் முன் நிற்கும். ஒரு நாள் தாமதித்துப் பிரித்த செல்களால் மூன்று வார உழைப்பை நான் இழந்திருக்கிறேன். அதைவிடப் பெரிய கவலை, இரு சோதனைகளுக்கிடையே காணும் வேறுபாடு மருந்தால் வந்ததா, செல்களின் தலைமுறை எண்ணால் வந்ததா என்று பிரித்தறிய முடியாமல் போவது.

திசுவிலிருந்து எடுக்கும்போது காப்பாற்றி வைக்க வேண்டிய வரிசையே இல்லை. மையவிலக்கியில் சுழற்றியதும் முதிர்ந்த கொழுப்புச் செல்கள் மேலே மிதக்க, முன்னோடிச் செல்கள் சற்றே சிவந்த படிவாக அடியில் தங்குகின்றன. அவற்றை ஓரிரு தலைமுறைக்குள் பயன்படுத்திவிடலாம். தோலடிக் கொழுப்பையும் வயிற்றறைக் கொழுப்பையும் தனித்தனியே ஒப்பிடும் வாய்ப்பு கருவிலிருந்து வந்த செல்வரிசையில் கிடையாது. ஆனால் விளைச்சல் சிறிது; விலங்கு ஆய்வுக்கான நெறிக்குழுவின் அனுமதி வேண்டும்; விலங்கின் வயதும் பாலினமும் முடிவை மாற்றும்; நோயெதிர்ப்புச் செல்களும் உடன் கலந்து வரும்.

ஒரே பெரிய கொழுப்புத்துளி கொண்ட முதிர்ந்த செல்தான் வேண்டுமென்றால் இரண்டுமே போதா. மார்ட்டின் ராட்பெல் 1964இல் விவரித்த முறைப்படி, மிதக்கும் செல்களையே எடுத்துச் சில மணி நேரத்தில், டிரைகிளிசரைடு சிதையும்போது கொழுப்பு அமிலத்தோடு வெளிவரும் கிளிசராலை அளந்துவிட வேண்டும். வெளியேறும் கொழுப்பு அமிலத்தின் ஒரு பகுதியைச் செல் மீண்டும் டிரைகிளிசரைடாக்கிவிடும். கிளிசராலை அவ்வளவாக மறுபயன்பாட்டுக்கு எடுப்பதில்லை என்பதால் அதுவே நம்பகமான அளவு.

மனிதத் திசுவில் என் அனுபவம் சில மாதிரிகளோடு நிற்கிறது. ஆகவே இரண்டாம் வழிமீதான என் விருப்பத்தைச் சுண்டெலி அளவிலேயே கொள்க. எடுத்துக்காட்டாக, இதயம் சுரக்கும் நேட்ரியூரெட்டிக் பெப்டைடு என்னும் ஹார்மோன் மனிதக் கொழுப்புச் செல்லில் கொழுப்புச் சிதைவை வலுவாகத் தூண்டுகிறது, சுண்டெலியில் அவ்வாறு தூண்டுவதில்லை. நூற்றுக்கணக்கான சேர்மங்களை முதற்கட்டமாக வடிகட்டுவதற்கு மட்டும் 3டி3-எல்1 குப்பிகளை, தலைமுறை எண்ணைக் குறித்து, இன்னும் உறைநிலையில் வைத்திருக்கிறேன்.