படகில் ஓடிக் காட்டிய சிப், என் கருவியில் ஓடவில்லை

மினசோட்டாவில் படகு வைத்து மீன் பிடிக்கும் நம் ஆட்கள் கொஞ்சம் கவனியுங்கள். மீனையும் ஆழத்தையும் திரையில் காட்டும் என் ஹம்மின்பேர்டு கருவிக்கு, ஏரிகளின் ஆழ வரைபடம் அடங்கிய பழைய லேக்மாஸ்டர் சிப் என்று 70 டாலர் கொடுத்து ஒன்று வாங்கினேன். பார்த்தால் அது சாதாரண 8 ஜி.பி. மெமரி கார்டு, மேலே யாரோ அச்சடித்து ஒட்டிய ஸ்டிக்கர்.

புதிது நூறு டாலருக்கு மேல் போகிறது, அதனால்தான் பழையதைத் தேடினேன். மில் லாக்ஸ் ஏரிக்கு அது இல்லாமல் எனக்குச் சரிப்படாது. அவ்வளவு பெரிய ஏரியில் மிக ஆழமான இடமே 42 அடிதான். வடபாதியில் அடித்தரையிலிருந்து சில அடி மட்டும் மேடாக நிற்கும் சேற்றுத் திட்டுகளின் ஓரத்தில்தான் கோடையில் வால்ஐ மீன் திரியும். மேலே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர். அந்த ஓரம் எங்கே என்று ஒவ்வொரு 1 அடி ஆழத்துக்கும் ஓர் ஆழக்கோடு (ஒரே ஆழமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) போட்டுக் காட்டுவதுதான் இந்தச் சிப்பின் வேலை.

விற்றவர் பெட்ரோல் பங்க் வாசலுக்குப் படகோடு வந்தார். சிப்பைத் தன் கருவியில் செருகி, திரையை மில் லாக்ஸுக்கு நகர்த்தினார். கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. "பாருங்கள், ஓடுகிறது" என்றார். ரொக்கம் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து என் கருவியில் போட்டால் ஏரியின் கரை மட்டும்தான், உள்ளே ஒரு கோடு கிடையாது. மென்பொருளைப் புதுப்பித்தும் அதே கதை. கணினியில் போட்டுப் பார்த்தால் கோப்புகள் எல்லாம் இருக்கின்றன!

விஷயம் இதுதான். வரைபடம் அசல் கார்டின் அடையாள எண்ணோடு பூட்டப்பட்டிருக்கும். கோப்புகளை வேறு கார்டில் நகல் எடுத்தால் கருவி அதை ஏற்காது. அப்படியானால் அவர் படகில் தெரிந்தது என்ன? இப்போது வரும் பல கருவிகளில் ஏராளமான ஏரிகளின் ஆழக்கோடுகள் உள்ளேயே ஏற்றப்பட்டு வருகின்றன. என்னுடையது பழசு, அதில் அது இல்லை. அவர் எனக்குக் காட்டியது சிப்பை அல்ல, தன் கருவியின் சொந்த வரைபடத்தை. நல்ல நடிப்பு, அதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

செய்தி அனுப்பினேன். "உங்கள் கண் முன்னாடிதானே ஓடியது, உங்கள் கருவியில்தான் கோளாறு" என்று பதில் வந்தது. அப்புறம் என் எண்ணையே தடுத்துவிட்டார்.

ஆகவே விற்பவர் திரையில் கோடு காட்டினால், சிப்பைக் கழற்றிவிட்டுக் கருவியை அணைத்துப் போடச் சொல்லுங்கள். கோடுகள் அப்படியே இருந்தால் பணம் கொடுக்காதீர்கள். அதைவிட நல்லது, உங்கள் கருவியையே கழற்றிக்கொண்டு போவது. பனிக்கட்டியில் மீன் பிடிக்கத் தூக்கிப் போகிற சின்ன 12 வோல்ட் பேட்டரி போதும், வாகன நிறுத்தத்திலேயே பார்த்துவிடலாம். வேண்டாம் என்று யாராவது தயங்கினால் காரணம் தெரிந்துவிடும். அசல் சிப்பாக இருந்தாலும் இரண்டு விஷயம் பாருங்கள்: லேக்மாஸ்டர் ஹம்மின்பேர்டில் மட்டும்தான் ஓடும், லோரன்ஸ், கார்மின் போன்ற வேறு நிறுவனக் கருவி வைத்திருப்பவர்களுக்கு உதவாது. எந்த மாநிலத்துக்கு, எந்தப் பதிப்பு என்பதும் முக்கியம்.

அதுவரை மாநில இயற்கை வளத்துறையின் லேக்ஃபைண்டர் இணையதளத்தில் ஏரிகளின் ஆழப்படம் இலவசமாகவே கிடைக்கிறது. கோடுகள் அவ்வளவு நெருக்கமாக இருக்காது, ஆனால் வேலைக்கு ஆகும்.

அந்த ஆள் இப்போது அதே புகைப்படத்தை வைத்து விஸ்கான்சின் சிப் என்று விளம்பரம் போட்டிருக்கிறார். விலை 65 டாலர், நேரில் வந்தால் ஓட்டிக் காட்டுவாராம்.