கம்பிக் கிராதிக்கு அடிக்கும் பெயின்டைக் காருக்கு அடித்தேன்

ஜன்னல் கம்பிக்கும் இரும்புக் கதவுக்கும் அடிக்கிற சாதாரண சிந்தெடிக் எனாமல், 4 லிட்டர் டப்பா ஒன்று. நான்கு அங்குல நுரை ரோலர்கள் ஒரு டஜன். மினரல் டர்பென்டைன், தண்ணீர் விட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர், மாஸ்கிங் டேப். இவற்றை வைத்துக்கொண்டு என் பழைய கார் முழுவதற்கும் வீட்டுக் கொட்டகையிலேயே வண்ணம் அடித்தேன். அடித்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. வெயில், மழை, பெட்ரோல் சிந்தல், கதவில் சாய்ந்த சைக்கிள் என எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. அடித்த மறுநாள் படமெடுத்து எழுதப்படும் மதிப்புரைகளில் எனக்கு நம்பிக்கை இல்லை. அன்றைக்கு எந்தப் பெயின்டும் பளபளக்கும்.

கண்காட்சிக்குப் போகிற வண்டி இல்லை இது. விடுமுறை நாட்களில் பிரித்து, கழுவி, மாட்டி, நான்கு ஆண்டுகளாக உருட்டிக்கொண்டிருக்கும் வண்டி. இன்ஜின், பிரேக், இருக்கைத் துணி எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சியது மேல்தோல்தான். மேற்கூரையிலும் பானெட்டிலும் பழைய பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. பட்டறையில் கேட்ட கூலி காரின் மதிப்பைவிட அதிகம். கோபப்பட ஒன்றும் இல்லை, அவர்கள் வேலைக்கு அது நியாயமான கூலிதான். என் காருக்குத்தான் அந்தத் தகுதி இல்லை.

ரோலரால் காருக்கு அடிப்பதா என்று சிரித்தவர்கள் உண்டு. கார் பிறந்த காலத்தில் பெரும்பாலும் தூரிகையால்தான் வார்னிஷ் பூசினார்கள். அடுக்கடுக்காகப் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆகும். 1923இல் ட்யூபாண்ட் நிறுவனத்தின் டியூகோ என்ற வேகமாக உலரும் லேக்கர் பெயின்ட் ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லண்ட் கார்களில் ஏறிய பிறகுதான் அந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறைந்தது. நூறு ஆண்டு கழித்து நான் மறுபடியும் வாரக்கணக்குக்குத் திரும்பினேன், அவ்வளவுதான்.

பட்டறைகள் இன்று அடிப்பது இரண்டு பாகப் பாலியூரித்தேன். கடினப்படுத்தும் திரவம் ஒன்றைக் கலந்தவுடன் இறுகத் தொடங்கும். பளபளப்பிலும் உழைப்பிலும் எனாமல் அதன் அருகில் நிற்க முடியாது. நான் அதைத் தொடாததற்குக் காரணம் விலை மட்டும் இல்லை. அந்தக் கடினப்படுத்தியில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. ஸ்ப்ரே அடிக்கும்போது பறக்கும் அதன் நுண்துளிப் பனியைச் சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்பு அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே மூச்சைத் திணறவைக்கப் போதும். வெளியிலிருந்து நல்ல காற்று வரும் குழாய் முகமூடியும் தனி அறையும் இல்லாமல் வீட்டில் அடிக்கும் பொருளே அல்ல. சாதாரண எனாமலுக்கும் சேர்க்கலாம் என்று கடினப்படுத்திப் புட்டி ஒன்றைக் கடையில் நீட்டினார்கள். லேபிளைப் படித்தேன், அதே ஐசோசயனேட். திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடினப்படுத்தி கலக்காத எனாமலை ரோலரால் உருட்டும்போது காற்றில் அப்படிப் பனி பறப்பது மிகக் குறைவு. மிஞ்சுவது டர்பென்டைன் வாடைதான். அதற்கு நாலாபுறமும் திறந்த கொட்டகை, கரிம ஆவியைப் பிடிக்கும் கார்ட்ரிட்ஜ் வைத்த முகமூடி. தூசிக்கான துணி முகமூடி ஆவியை நிறுத்தாது.

பெயின்ட் அடிப்பதற்கு முந்தைய வேலையைப் பற்றி நிறைய எழுதலாம், சுருக்கமாகவே சொல்கிறேன். துருவை வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டினேன். குழிகளுக்குப் பட்டி போட்டு, உலர்வாகவே தேய்த்தேன், ஏனென்றால் பட்டி தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்த ஈரம் பின்னாளில் கொப்புளமாகத் திரும்பி வரும். வெற்று இரும்புக்கு எப்பாக்ஸி பிரைமர் பூசினேன். அது மட்டும் இரண்டு பாகச் சரக்கு. கையுறை இல்லாமல் தொடக் கூடாது. பழைய பெயின்ட் உறுதியாக இருந்த இடங்களில் அதைக் கழற்றவில்லை, 400ஆம் நம்பர் பேப்பரால் பளபளப்பைக் கொன்றதோடு சரி. உங்கள் கார் மிகப் பழையது என்றால் தேய்ப்பதற்கு முன் பழைய பெயின்டில் ஈயம் இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளுங்கள்.

இனி ரோலர். பெயின்டை டப்பாவில் இருக்கும் தடிமனிலேயே அடித்தால் கதவு ஆரஞ்சுத் தோல் போல மேடுபள்ளமாகிவிடும். டர்பென்டைன் சேர்த்துச் சேர்த்து, கலக்கும் குச்சியைத் தூக்கினால் நூலாக நீளாமல் பால்போல ஒழுகும் பதத்துக்குக் கொண்டுவந்தேன். ரோலரை நனைத்து, தட்டில் நன்றாக உருட்டி வடித்து, டிக்கி மூடியில் முதல் வரிசையை இழுத்தேன். பரப்பு முழுக்கச் சின்னச் சின்ன நுரைக் குமிழிகள். மனம் கனத்துவிட்டது. குனிந்து பார்த்துக்கொண்டே நின்றேன்; ஐந்தாறு நொடிகளில் குமிழிகள் ஒவ்வொன்றாக உடைந்து, உடைந்த இடத்தில் வட்டமாக ஒரு தழும்பு, அந்தத் தழும்பும் மெல்ல மெல்லத் தாழ்ந்து மறைந்தது. மறையாதவற்றுக்காக உலர்ந்த நுரைத் தூரிகை ஒன்று வைத்திருந்தேன். அழுத்தக் கூடாது; தூரிகையின் சொந்த எடை மட்டும் பட, ஒரே திசையில் இழுத்துவிட வேண்டும். படகுகளுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள்: ஒருவர் உருட்டிக்கொண்டே போவார், இன்னொருவர் பின்னாலேயே தடவிக்கொண்டு வருவார். எனக்குப் பின்னால் வர யாரும் இல்லாததால் ஒரு கையில் ரோலர், மறு கையில் தூரிகை.

முதல் கோட் முடிந்தபோது கார் படை பிடித்த மாடு மாதிரி இருந்தது. நான் தேர்ந்தெடுத்தது கரும்பச்சை. அதன் கீழே பிரைமரின் சாம்பல் நிறம் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. என் மகள் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “இன்னும் ஆரம்பிக்கவே இல்லையா அப்பா?” என்று கேட்டாள். இந்த இடத்தில்தான் எல்லாரும் பொறுமையிழந்து அடுத்த கோட்டைத் தடிமனாகப் போடுகிறார்கள். நானும் இடது முன்கதவில் போட்டேன். எனாமல் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கித்தான் இறுகும். தடிமனாகப் போட்டால் மேலே தோல் கட்டிக்கொள்ளும், உள்ளே காற்றுப் போகாமல் பச்சையாகவே கிடக்கும். அந்தக் கதவில் வழிசல் ஒன்று கண்ணீர்த் துளியாக உருண்டு நின்றது. மூன்று நாள் கழித்து அதைத் தேய்த்தபோது மேல்தோல் கிழிந்து, உள்ளிருந்து ஈரப் பெயின்ட் பிசுபிசுவென்று வந்தது. கதவு முழுவதையும் சுரண்டி, பிரைமரிலிருந்து மீண்டும் தொடங்கினேன்.

மொத்தம் ஆறு கோட். இரண்டு கோட்டுக்கு ஒருமுறை தண்ணீர் விட்டுத் தேய்ப்பு, நம்பர் கூடக்கூடப் பேப்பர் நைசாகும்: முதலில் 600, அடுத்து 800, கடைசிக் கோட்டுக்குப் பிறகு 1000, 1500, 2000. எப்போது தேய்க்கலாம் என்பதை நாட்காட்டி சொல்லாது. பானெட்டின் உள் மடிப்பில் நகத்தால் அழுத்திப் பார்ப்பேன். தடம் விழுந்தால் இன்னும் காயவில்லை. அவசரப்பட்டால் பெயின்ட் உருண்டை உருண்டையாகத் திரண்டு பேப்பரை அடைத்துவிடும்.

தேய்ப்பது எனக்குப் பிடித்துப்போனது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ரப்பர் கட்டையில் பேப்பரைச் சுற்றி, வாளித் தண்ணீரில் ஒரு சொட்டுச் சோப்பு விட்டு, நீள நீளமாக இழுக்க வேண்டும். பச்சைப் பால் வழியும். துடைத்துப் பார்த்தால் மேடுகள் மங்கியிருக்கும், பள்ளங்கள் மட்டும் பளபளவென்று புள்ளிகளாக மின்னும். அந்த மினுக்கங்கள் குறைந்துகொண்டே வந்து கடைசிப் புள்ளி மறைகிற நொடியில் நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு ஓர் இழுப்பு இழுத்தாலும் வண்ணத்தைத் தின்கிறீர்கள். கதவின் ஓரங்களிலும் உடல் மடிப்புகளிலும் பெயின்ட் எப்போதும் மெலிதாகவே நிற்கும்; அங்கே டேப் ஒட்டிவிட்டுத் தேய்ப்பது நல்லது. வலது பின் மட்கார்டின் மடிப்பில் நான் டேப்பை மறந்தேன். சாம்பல் கோடு ஒன்று சிரித்தது.

மற்ற விபத்துகள். மேற்கூரையில் இரண்டாம் கோட் அடித்தபோது பெயின்ட் ஒட்டாமல் விலகி, மீன்கண் போலக் குழிகள் விழுந்தன. துடைத்த துணியைச் சந்தேகித்தேன். அதே துணியால்தான் முந்தைய வாரம் டேஷ்போர்டுக்குச் சிலிகான் பாலிஷ் போட்டிருந்தேன். இன்னொரு நாள் மாலையில் தாமதமாக அடித்துவிட்டேன். இரவுப் பனி இறங்கி டிக்கி மூடி முழுக்க மூச்சுவிட்ட கண்ணாடி போல மங்கிப்போனது. மூன்றாவது விஷயத்தைக் கட்டாயம் படியுங்கள். எனாமலும் டர்பென்டைனும் துடைத்த துணிகளைச் சுருட்டி ஒரு வாளிக்குள் எறிந்திருந்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து அதை எடுத்தபோது சுருட்டலின் நடுப்பகுதி சூடாக இருந்தது. நெருப்பு எதுவும் அருகில் இல்லை. இந்தப் பெயின்டில் உள்ள எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் வெளியாகும். துணி சுருண்டு கிடந்தால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். அன்று முதல் துணிகளைத் தண்ணீர் நிறைந்த இரும்பு டப்பாவில் அமிழ்த்தி மூடி வைத்தேன்.

செலவைச் சொல்லாமல் மணிக்கணக்கைச் சொல்கிறேன். கொட்டகைச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு வந்தேன். சுரண்டல், பட்டி, பிரைமர் 30 மணி. ஆறு கோட் உருட்ட 9 மணி. கோட்டுகளுக்கு இடையிலும் முடிவிலும் தேய்ப்பு 15 மணி. காம்பவுண்டு எனும் மெருகுப் பசையும் பாலிஷும் 7 மணி. ஆக 61 மணி நேரம். கதவைச் சுரண்டிய மறுவேலை இதில் சேரவில்லை. கடைசி மெருகின்போது துணி பச்சையாகும், பயப்பட வேண்டாம். மேலே தெளிந்த வார்னிஷ் படலம் இல்லாததால் தேய்ப்பது நேராக வண்ணத்தைத்தான்.

இப்போது, ஒன்றரை ஆண்டு கழித்து எப்படி இருக்கிறது? கதவுகளும் பக்கவாட்டும் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருக்கின்றன. நான்கடி தள்ளி நின்று பார்த்தால் ரோலர் என்று யாரும் சொல்லவில்லை. ஓரடியில் நின்று, கண்ணைச் சரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பானெட்டும் மேற்கூரையும் வெயிலில் மங்கிவிட்டன. ஆண்டுக்கு ஒருமுறை காம்பவுண்டு போட்டால் எழுந்து உட்காருகின்றன. பிளாஸ்டிக் பம்பர் முழுத் தோல்வி: எனாமல் இறுகி நொறுங்கும் குணமுள்ளது, பம்பர் வளையும் குணமுள்ளது. ஆறே மாதத்தில் சில்லுச் சில்லாக உதிர்ந்தது. இப்போது அது பெயின்ட் இல்லாத கறுப்புப் பம்பர், பார்க்க மோசமில்லை. பிரேக் ஆயில் ஒரு சொட்டு பட்டாலும் பெயின்ட் கிளம்பிவிடும் என்பது தெரிந்ததால், அந்த வேலை செய்யும்போது மட்கார்டின் மேல் ஈரத் துணி போர்த்திவிடுகிறேன்.

யாருக்கு இது சரிவரும்? ஒரே தட்டையான நிறம் போதும் என்பவர்களுக்கு. மெட்டாலிக் நிறத்தை ரோலரால் முயல வேண்டாம். உள்ளிருக்கும் உலோகத் துகள்கள் ஆளுக்கொரு பக்கம் படுத்து, மேகம் மேகமாகத் தெரியும். கறுப்பும் என் கரும்பச்சையும்கூடத் தவறான தேர்வுகள் என்பேன். பளபளக்கும் அடர்நிறம் பட்டி போட்ட ஒவ்வொரு இடத்தையும் ஊருக்குக் காட்டிக்கொடுக்கும். மீண்டும் அடிப்பதாக இருந்தால் மஞ்சளோடிய பழுப்பு வெள்ளைதான். சுத்த வெள்ளை எனாமல் நாளாவட்டத்தில் தானே மஞ்சளாகும். அதற்கு நாமே முதலில் மஞ்சளாக இருந்துவிடலாம். காரை நாளைக்கே ஓட்ட வேண்டும், நிறுத்த வேறு இடமில்லை என்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்; என் கார் கொட்டகையில் ஏழு வாரம் அசையாமல் நின்றது.

டப்பாவின் அடியில் ஒரு விரல் அளவு மீதி இருந்தது. பெட்ரோல் மூடிக்குக் கீழே சிந்திச் சிந்தி இளகிப்போன கோடு ஒன்றைச் சரிசெய்யப் போன மாதம் அதைத் திறந்தேன். மேலே தடித்த ஆடை. கத்தியால் வட்டமாக அறுத்துத் தூக்கினால், கீழே பெயின்ட் அன்று வாங்கியது போலவே இருந்தது. முதலில் சோம்பேறித்தனமாக, கையிலிருந்த லேக்கர் ஸ்ப்ரே டப்பாவால்தான் அந்த இடத்தில் ஒரு வீச்சு அடித்திருந்தேன். கண்ணெதிரே எனாமல் வாழையிலைச் சருகு போலச் சுருங்கி எழுந்தது. அதைச் சுரண்டிவிட்டு, ரோலரின் ஒரு துண்டை வெட்டி, பழைய பெயின்டையே தொட்டு ஒற்றினேன். காய்ந்து மெருகேற்றிய பிறகு அந்தத் திட்டு மட்டும் உள்ளங்கை அளவுக்கு, சுற்றியிருக்கும் பச்சையைவிட ஒரு பிடி கூடுதல் பச்சையாக நிற்கிறது.